நீலம் மறைகிற சொட்டு

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவப் பின்பக்கம் போனால், சாக்கடை ஓரமாக ஒருத்தர் பிளீச்சிங் பவுடரைத் தூவிக்கொண்டு போகிறார். பக்கத்திலேயே நின்றேன். மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. உங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றாது. பாதி ஆயுசை வெளுப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் கழித்தவன் நான். நல்ல பவுடர் என்றால் மூடியைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர் முட்ட வேண்டும். இது வெறும் சுண்ணாம்பு.

கூட வந்திருந்த என் பேத்தி கீர்த்தனா பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். பந்தியில் இருந்த அத்தனை பேரிடமும் அதைச் சொல்லி முடித்திருந்தேன். பாயசம் ஊற்ற வந்தவரைக்கூட விடவில்லை. அதே மிதப்பில் ஒரு பிடி பவுடரைக் காகிதத்தில் மடித்து அவளிடம் நீட்டினேன்.

“லேப்ல போட்டுப் பாத்து, இதுல எம்புட்டு சத்து இருக்குன்னு சொல்லும்மா.”

அவள் பொட்டலத்தை வாங்கவில்லை. “எனக்குச் செய்யத் தெரியாது தாத்தா.”

“பாடத்துல இல்லையா?”

“இருக்கு. வீடியோ போட்டாங்க. ரீடிங்கை போர்டுல எழுதிப் போட்டாங்க. எல்லாரும் எழுதிக்கிட்டோம்.”

எல்லாருக்கும் ஒரே ரீடிங். பொட்டலத்தை என் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன். படிப்பு முடிந்ததும் ராஜபாளையத்தில் ஏதாவது பேண்டேஜ் கம்பெனியின் டெஸ்டிங் ரூமில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அங்கே போர்டைப் பார்த்து எழுதச் சொல்ல மாட்டார்கள். சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற பியூரெட்டைக் கையில் கொடுப்பார்கள்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பியூரெட் என்ற வார்த்தை என் வாயில் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். கீர்த்தனா படிக்கிற அதே காலேஜில், அதே லேபில் கற்றுக்கொண்டது.

நூல் விலை தாறுமாறாக ஏறி, மில்கள் ஷிப்டைக் குறைத்த காலம் அது. பேண்டேஜ் துணி வெளுக்கச் சொந்தமாக ஒரு ஷெட் போட்டிருந்தேன். யாருடைய தயவும் இல்லாமல் போட்டது. இதை எங்கே போனாலும் சொல்வேன். ஊருக்கு வந்த கஷ்டம் காலேஜுக்கும் வந்தது. பீஸ் கட்ட முடியாமல் பிள்ளைகள் நின்றார்கள். லேபுக்கு மருந்து வாங்க வழியில்லை. இப்போது இருப்பவர்களாக இருந்தால் அன்றைக்கே பூட்டுப் போட்டிருப்பார்கள். அப்போது கெமிஸ்ட்ரிக்குத் தலைமையாக இருந்தவர் எஸ்தர் டீச்சர். கட்டைப் பையில் காலி பாட்டில்களை அடுக்கிக்கொண்டு பஸ் ஏறி எங்கள் ஷெட்டுகளுக்கே வந்துவிட்டார். ஒருவரிடம் காஸ்டிக் சோடா, ஒருவரிடம் பிளீச்சிங் பவுடர். நெசவுப் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியைக்கூட விடவில்லை. “சும்மா வேண்டாம். ஒங்க சரக்க எம் பிள்ளைகள் சோதிச்சுச் சொல்லும்” என்றார். பொம்பளைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுக்கிற மாதிரி நானும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினேன்.

அந்த நேரம் பார்த்து என் துணியெல்லாம் மஞ்சளாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. தண்ணீரைத் திட்டினேன். ஆட்களைத் திட்டினேன். காலேஜிலிருந்து சேதி வந்தது: உங்கள் பவுடரில் பாதிச் சத்துகூட இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு, புது டின் ஒன்றை உடைக்காமலே தூக்கிக்கொண்டு நேராக லேபுக்குள் போனேன். சோதித்தது யார் என்று பார்த்தால், என் ஷெட்டிலேயே பாய்லர் பார்க்கிறவரின் மகள் பேச்சியம்மாள்.

“ஏட்டி, ஒங்கப்பன் பாய்லர்ல கரி தள்ளுதான். நீ என் சரக்குக்கு வெல சொல்லுதியா?” என்றேன்.

அவள் அழவில்லை. “டின்னை நீங்களே ஒடைங்க மொதலாளி. பக்கத்துல நின்னு பாருங்க” என்றாள்.

உடைத்தேன். கரைத்தாள், ஏதோ மருந்தைச் சேர்த்தாள், எங்கள் பாவுக் கஞ்சியை ஒரு துளி விட்டாள். குடுவை கருநீலமானது. மேலே பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையை ஆட்டினாள். ஒரே ஒரு சொட்டில் நீலம் போய்த் தண்ணீரானது. அதுவரை இறங்கிய அளவை வைத்துத்தான் பவுடரின் சத்தைச் சொல்வார்களாம். முன்பு சொன்ன அதே கணக்கு. எனக்குத் திருப்தி இல்லை. பக்கத்து மேஜைப் பெண்ணைச் செய்யச் சொன்னேன். அவளுக்கும் அதே.

“அண்ணாச்சி, இன்னும் யாரையாவது செய்யச் சொல்லணுமா? கிளாஸே நிக்குது” என்றார் எஸ்தர் டீச்சர். லேபே சிரித்தது. அந்தச் சிரிப்போடு நேரே பவுடர் வியாபாரி கடைக்குப் போனவன்தான். அங்கே நடந்ததை எழுத முடியாது. என் துணி வெளுத்தது. பிழைத்தேன், பெரிய ஆளானேன். லேபுக்குத் தேக்கு மேஜைகள் செய்து கொடுத்தேன், என் பேரைச் செதுக்கித்தான்.

இன்றைக்கு அந்தக் காலேஜ் கமிட்டியில் நானும் ஒருவன். கல்யாணத்துக்கு அடுத்த நாளே கூட்டம் போடச் சொன்னேன். செயலாளர் என் மகன் வயதுக்காரர், வெளியூரில் படித்தவர். சேர்க்கை குறைந்துவிட்டது, லேபுக்கு ஆள் போட்டுக் கட்டுப்படியாகாது, ரெக்கார்டு நோட்டு சரியாக இருந்தால் டிகிரி வந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். மருந்து நான் தருகிறேன் என்றேன். சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே என்றார். மணிக்கணக்குக்கு வந்துபோகிற இரண்டு பேர்தான் இப்போது.

“தம்பி, நூல் வெல ஏறுனா இழையக் கொறச்சு நெய்யுற புத்தி நம்ம ஊர்ல உண்டு. வெளுத்து மடிச்சுக் கவர்ல போட்டுட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. புண்ணுல கட்டும்போது கையோட வரும். நீங்க இப்பப் பிள்ளைகள அப்படித்தான் நெய்யுறீக” என்றேன்.

சட்டைப் பையில் இருந்த பொட்டலத்தை எடுத்து மேஜையில் பிரித்தேன். பிளீச்சிங் பவுடர் என்றதும் கமிட்டி மொத்தமும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியது. வாசனையே இல்லாத பவுடருக்கு! எல்லாரும் பட்டதாரிகள்.

லேப் வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்கள். என் கை மட்டும் தனியாக நின்றது. லேப் இனிமேல் இன்டர்வியூ பயிற்சி ஹால் ஆகப் போகிறதாம்.

வெளியே வந்தேன். அந்த வராந்தாவில் நடந்தால் ஒரு காலத்தில் லேப் நெடிக்குத் தும்மல் வரும். இப்போது பினாயில் வாடைதான். கீர்த்தனா கேன்டீனில் காத்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்ததும் என் தேக்கு மேஜைதான்; கூட்டம் கூடும் முன்பே அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். பலகை முழுக்கத் திராவகம் பட்டுக் கறுத்த வட்டங்கள். ஒன்றைத் தொட்டுக் காட்டி, இது என்ன தெரிகிறதா என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தாள். “டீ கிளாஸ் வச்ச தடம் போல தாத்தா” என்று சொல்லி, தன் கிளாஸை அதன் மேலேயே வைத்தாள்.