பிரஷர் என்று சொன்னேன்

என் கணவருக்குச் சீட்டு புதிதல்ல. மாட்டுப் பொங்கலன்று பங்காளிகளோடு உட்கார்ந்து ஆடுவார், தோற்றால் சிரித்துக்கொண்டே எழுந்து வருவார். செல்லில் பணம் கட்டி ஆடுகிற ரம்மி வேறு. அதில் போதும் எழுந்திரு என்று சொல்ல ஆளில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, முறை வரும்வரை நாள்கணக்கில் காவல் கிடப்பார். சும்மா உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் அது பிடித்துக்கொண்டது. எடுத்த எடுப்பில் ஜெயித்தது எங்கள் கெட்ட நேரம்.

அடுத்த அறுவடைக்குள் ஆளே மாறிப்போனார். தூக்கம் போனது. சாப்பாடு பாதித் தட்டில் நிற்கும். தலைவலி, கழுத்துவலி, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்துகிற டீச்சர் நான், இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கௌரவம் பெரிதாக இருந்தது.

நெல் கொட்டுகிற களத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடப் போகிறவர்கள், அங்கே இருக்கிறவரிடம் தங்கள் குவியலையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார்கள். வானம் கறுத்தால் அவர் எல்லாருக்கும் போன் போட வேண்டும், முடிந்தவரை படுதாக்களை இழுத்து மூட வேண்டும். அன்று மதியம் அங்கே இருந்தவர் இவர்.

நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு வண்டியில் போய்ச் சேரும்போது மழை வலுத்துவிட்டது. சாக்கு அடுக்கிய கொட்டகைக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்செட், கையில் செல். வெளியே ஒரு படுதாகூட விரிக்கவில்லை. எங்கள் நெல்லும் சேர்ந்துதான் நனைந்துகொண்டிருந்தது.

"என்னங்க, மழைங்க," என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இரு, இந்த ஒரு ஆட்டம்," என்றார், நிமிராமலே.

செல்லைப் பிடுங்கி என் பைக்குள் போட்டேன். அப்போதுதான் வெளியே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் அவருடைய சித்தப்பா மகன் ஓடி வந்துவிட்டார். பக்கத்துக் குவியல் அவருடையது.

"என்னண்ணே, ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அண்ணனுக்கு மயக்கம் வந்துடுச்சு தம்பி. பிரஷர். நானே இப்பதான் வந்து பார்த்தேன்."

அதற்கப்புறம் தம்பி தன் நெல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த படுதாவை அப்படியே போட்டுவிட்டு, இவரைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். பூதலூரில் ஒரு டாக்டரிடம் போனோம்.

பிரஷர் நிஜமாகவே ஏறியிருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல நாக்கு கூசுகிறது. புருஷனுக்கு வியாதி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டவள் நான்.

"சரியாத் தூங்குறதில்லையா? மனசுல ஏதாவது கவலையா? மறைக்காம சொல்லுங்க," என்றார் டாக்டர்.

இவர் என் முகத்தையே பார்த்தார். சொல்லிவிடு என்று கேட்டாரா, சொல்லாதே என்று கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பின்னால் தம்பி, சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தார்.

"வெயில்ல கெடந்து உழைக்கிறாங்க டாக்டர். அவ்வளவுதான்," என்றேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் தம்பி இளநீரோடு வீட்டுக்கு வந்தார். மிஞ்சிய நெல்லை ரோட்டில் விரித்துக் காயப்போட்டுவிட்டு நேராக வந்திருந்தார்.

"பாதி நெல்லு முளைச்சிடுச்சு அண்ணி. போனா போகுது. அண்ணன் தப்பிச்சாங்களே, அது போதும்."

உள்ளறையில் சீட்டுக் கலைக்கிற சத்தம் செல்லில் கேட்டது. செல்லைக் கொடுத்தால்தான் மாத்திரை போடுவேன் என்று அடம் பிடித்தவருக்கு, நான்தான் காலையில் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

"அண்ணன் முழிச்சிருக்காங்களா?" என்று தம்பி எழுந்தார்.

"தூங்குறாங்க தம்பி," என்று சொல்லிவிட்டு, போய் உள்ளறைக் கதவைச் சாத்தினேன்.