கோவில் நிறுத்தத்தில் வைத்த ஃப்ளெக்ஸ்

ஜெயங்கொண்டத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் மினிபஸ் ஓட்டும் இளையபெருமாளுக்கு, மகள் முத்தமிழ் வயதுக்கு வந்ததில் தலைகால் புரியவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண். அவருடைய அக்கா வளர்மதிக்கும் இதே வயதில்தான் ஆனது. அன்றோடு அவளுக்குப் பள்ளிக்கூடம் நின்றது, பாவாடை போய்த் தாவணி வந்தது, சில வருடத்தில் தாலியும் ஏறிவிட்டது. என் மகள் படிப்பாள், விழாவும் ஊர் மெச்ச நடக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் அவர்.

கோவில் நிறுத்தத்தில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்தார். பட்டுப்புடவையும் உதட்டுச்சாயமுமாக ஸ்டுடியோவில் எடுத்த படம். மேலே 'பூப்புனித நீராட்டு விழா'.

மறுநாள் காலை முத்தமிழ் அப்பாவின் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் புறப்பட்டாள். கோவில் நிறுத்தம் வந்ததும், பஸ்ஸில் இருந்த அவள் வகுப்புப் பையன்கள் அந்த எழுத்துகளைக் கோரஸாகப் படித்தார்கள். "கல்யாணப் பொண்ணு டோய்!" என்றான் ஒருவன். இளையபெருமாள் கண்ணாடியில் பார்த்தார். மகளைக் காணவில்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பின்னால் போனார். சீட்டுக்குக் கீழே குந்தி, பையால் முகத்தை மூடியிருந்தாள்.

"எந்திரிம்மா."

"எனக்கு நடந்தத ஏம்ப்பா ரோட்டுல எழுதி வெச்சீங்க?"

பஸ் முழுக்கக் கேட்டது. யார் முகத்தையும் பார்க்காமல் அவர் இறங்கிப்போய் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். சட்டத்தோடு சாய்ந்ததை மடக்கத் தெரியவில்லை. மகளின் படம் மண்ணில் படக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

மதியமே வளர்மதி வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு போட்டோகூட எடுக்கல. இவளுக்காவது செய்யறியேன்னு பாத்தா, நீயே புடுங்கிப் போட்டுட்டு வந்துட்டியாமே!"

"புள்ளைய ஒரு வார்த்த கேக்காம வெச்சுட்டேங்க்கா."

"கொழந்தைய என்னடா கேக்கறது? என்னைய யாரு கேட்டா?"

அக்காவுக்குப் பள்ளிக்கூடம் நின்ற அன்று, அவளுடைய புத்தகப் பை தனக்கு வந்தது என்று இளையபெருமாள் தெருவெல்லாம் குதித்தார். இப்போது அது நினைவுக்கு வர, அக்காவை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விழா வீட்டுக்குள்ளேயே சொந்தங்களோடு முடிந்தது. முத்தமிழ் பள்ளிக்கு ஒருநாளும் மட்டம் போடவில்லை. ஆனால் அப்பாவின் பஸ்ஸில் ஏறுவதில்லை. அதற்கு முன்னால் வரும் டவுன் பஸ்ஸைப் பிடிக்க, இருட்டோடு எழுந்து கிளம்பிவிடுகிறாள். ஏன் என்று கேட்க அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.