மாடியில் எட்டுப் பேர், கீழே ஃபின்டன்

தன் வேலையைத் தானே நம்பாத தச்சர் அயர்லாந்தின் லிமெரிக் ஊரில் ஒருவர்தான், ஃபின்டன் ஹாசெட். கதவு மாட்டிவிட்டுப் போனால், மறுநாள் காலையில் அதைத் திறந்து மூடிப் பார்க்க வந்து நிற்பார்.

எங்கள் தெருவின் இருநூறு வருஷப் பழைய ஜார்ஜியன் பாணி வீட்டைக் கலைஞர்களின் பட்டறைகளாக மாற்றியபோது, மாடி அறை எனக்குக் கிடைத்தது. நான் படம் அச்சிடுபவள். என் அச்சு இயந்திரம் முழுக்க வார்ப்பிரும்பு, கொழுத்த காளையின் கனம். ஈரக் கொட்டகையில் கிடந்து துருவேறிக்கொண்டிருந்தது.

மாடித் தரையைத் தாங்கும் உத்திரங்களோ சுவருக்குள் செருகிய முனைகளில் உளுத்திருந்தன. அவற்றின் அடியில், பூவும் கொடியுமாகச் சுண்ணாம்பில் செய்த, கீழ் அறையின் பழைய உட்கூரை. அதில் ஒரு இதழ் உதிர்ந்தாலும் இயந்திரத்துக்கு மாடியில் இடமில்லை என்று நகரசபை கறாராகச் சொல்லிவிட்டது.

ஃபின்டன் தரைப் பலகைகளை மேலிருந்தே பெயர்த்து, உளுத்ததை அறுத்து, புது ஓக் மர முனைகளைப் பொருத்தினார். கணக்குப் போட்டுப் பார்த்த பொறியாளரும் சரி என்றார். ஆனாலும் ஃபின்டன் மாடி அறைச் சாவியை என் கையில் தரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்ஜினியரே சொல்லிட்டாரு, இன்னும் என்னய்யா?"

"அவரு கணக்கு சரிதாம்மா. என் கைமேலதான் எனக்குச் சந்தேகம்."

அவர் மனைவி நுவாலா குறுக்கே வந்தாள். "எங்க ஆட்டக் கூட்டத்தைக் கூட்டியாறேன். எட்டுப் பேர் குதிச்சா தெரிஞ்சிடும். நீயும் ஆடுய்யா."

"நான் கீழ நிக்கறேன். விழுந்தா என் தலையிலயே விழட்டும்."

"கல்யாணத்தன்னிக்கே ஆடாத மனுஷன்! இன்னிக்கும் ஒரு சாக்கு."

மாடியில் அக்கார்டியன் வாத்தியம் முழங்கியது. நுவாலாவோடு சேர்த்து எட்டுப் பேரும் செருப்புக் குதிகாலால் பலகையை அறைந்தார்கள். நான் அறை வாசலில் நின்று ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆட்டம் நின்றதும் கீழிருந்து தொம் தொம் என்று சத்தம். போச்சு, எல்லாம் போச்சு என்று நானும் நுவாலாவும் படியில் விழுந்தடித்து இறங்கினோம்.

உட்கூரை அப்படியே இருந்தது. ஒரு இதழ்கூட உதிரவில்லை. அதை அண்ணாந்து பார்த்தபடி, ஃபின்டன் வேலைப் பூட்ஸோடு தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருந்தார். தாளம் என்று மருந்துக்கும் கிடையாது.

அப்பாடா என்று கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நுவாலா இடுப்பில் கைவைத்து முறைத்தாள். "யோவ், தனியாவா ஆடுவ?" என்று போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே அக்கார்டியன் மறுபடி தொடங்கியது. சாவி அவர் சட்டைப்பையில் குலுங்கிக்கொண்டிருந்தது. ஆடி முடிக்கட்டும் என்று நானும் கேட்கவில்லை.