பிந்தும் இடக்கை

அப்பா இறந்த மறு வருஷம் என் முதல் ஆல்பத்தை முடிக்கக் கொல்லிமலைக்குப் போனேன். பாஸும் டிரம்ஸும் சென்னையிலேயே பதிவாகியிருந்தன. கீபோர்டு மட்டும் பாக்கி. அதை வாசிக்க அங்கே எந்த ஸ்டூடியோவில் உட்கார்ந்தாலும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவோடு மேடையேறிய ஒருவர் இருப்பார். "அவரு பொண்ணா நீ?" என்பார். அதற்கப்புறம் என் விரல்கள் என் பேச்சைக் கேட்காது.

சேலம், நாமக்கல் பக்கத்துத் திருவிழா மேடைகளில் அப்பா கீபோர்டு வாசித்து நடத்திய மெல்லிசைக் குழுவைத் தெரியாதவர்கள் குறைவு. அதில் இருந்தவர்கள் பலர் பிறகு சென்னை ஸ்டூடியோக்களுக்குப் போனவர்கள். தாத்தா நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். சித்தப்பா தபேலா. நான் வாசிப்பது ஃபங்க். இடைவெளிகளில் குத்திக் குத்திப் போகிற இசை அது. எங்கள் வீட்டில் யாரும் தொடாதது. அதனாலேயே அதைப் பிடித்துக்கொண்டேன்.

மலைமேல் பெரக்கரை நாடு என்கிற ஊர்ப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தின் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தேன். அவர்கள் பக்கத்திலேயே புதிதாகக் கட்டிக்கொண்ட வீட்டில் இருந்தார்கள். வாசலில் மிளகு காயும். பகலிலேயே மூடுபனி ஜன்னல் வரை வந்து நிற்கும். கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக், கீபோர்டு. வேறு சாமான் இல்லை.

ஒரு நாள் சாமான் வாங்கச் சோளக்காடு சந்தைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். வீட்டுக்கார அம்மா மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்குப் பெரியவரு யாராச்சும் வந்திருக்காருங்களா?"

"இல்லீங்களே. ஏன்?"

"உள்ள யாரோ வயசானவரு கணக்கா நின்னு நின்னு வாசிச்சுக்கிட்டே இருந்தாருங்க. ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேக்கலாம்னு பாத்தேன். கதவு பூட்டியிருந்துச்சு."

கதவைத் திறந்தேன். காலையில் பதிவு செய்த எட்டுத் தாளச் சுற்று நீளமுள்ள துண்டு நிறுத்தப்படாமல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசித்ததுதான். வெறும் அறையின் நடுவில் நின்று கேட்டபோது எனக்கும் அது என்னுடையதாகத் தெரியவில்லை. வலக்கை சரியாக விழுந்தது. இடக்கை ஒரு நூல் பிந்தி வந்தது. அப்பா அப்படித்தான் வாசிப்பார். ஊரே அதை அவருடைய முத்திரை என்று சொல்லும்.

மறுபடி வாசித்தேன். கம்ப்யூட்டரின் தாளத் தட்டலைச் சத்தமாக வைத்துக்கொண்டு, இடக்கையை முன்னால் தள்ளித் தள்ளி வாசித்தேன். கேட்டுப் பார்த்தால் இன்னும் பிந்தியிருந்தது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சுரமாக நகர்த்திச் சரிசெய்தேன். பாட்டு செத்துப்போயிற்று. சென்னையில் இருந்த டிரம்மர் நண்பனுக்கு இரண்டையும் அனுப்பினேன். "சரிபண்ணினது நல்லாயில்ல. பழசுல உங்கப்பா உக்காந்திருக்காரு. ரெண்டுல எது வேணும் சொல்லு," என்றான். எனக்கு இரண்டும் வேண்டாம். அந்த வாரம் முழுக்கக் கீபோர்டைத் துணி போட்டு மூடிவைத்தேன். மூடியிருந்தாலும் அறைக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது.

அம்மா சேந்தமங்கலத்தில் இருந்தாள். போனில் என் குரலைக் கேட்டதும், "நான் வாரேன் இரு," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். மலைப்பாதையின் அத்தனை வளைவுகளும் அவளுக்கு ஆகாது, இழுப்பு உடம்பு. வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்துக்கொண்டாள். பிறகு, "போடு, கேக்கலாம்," என்றாள்.

திருத்தாத பதிவைப் போட்டேன். அம்மா சுவரைப் பார்த்தபடி கேட்டாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"அப்பாதானேம்மா?" என்றேன். "எங்க போனாலும் விடமாட்டேங்கறாரு."

அம்மா இன்ஹேலரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது உங்கப்பா இல்ல கண்ணு. அது நான்."

எனக்குப் புரியவில்லை. நான் பிறப்பதற்கு முன் அவள் அந்தக் குழுவில் பாடினாள் என்பது தெரியும். பாடி நான் கேட்டதில்லை. பழைய கேசட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"எனக்கு அப்பவே இழுப்பு," என்றாள். "ஒரு வரி முடிச்சு அடுத்த வரி எடுக்கறதுக்குள்ள மூச்சு பத்தாது. கூட்டத்துக்குத் தெரிஞ்சுட்டா யாரும் கூப்புட மாட்டாங்கன்னு பயம். அவரு இடக்கையைக் கொஞ்சம் நிறுத்தி வெப்பாரு. அதுக்குள்ள நான் மூச்சு எடுத்துக்குவேன். நான் பாடறத நிறுத்துனதுக்கு அப்பறமும் அந்தக் கை மாறவேயில்ல. அதக் கேட்டுத்தான் நீயும் வளந்த."

மூன்றாவது தடவை நான் கேட்காமலே அவளே மௌஸை அழுத்தினாள். பாட்டு ஓட, வாய்க்குள் முனகினாள். குரல் கரகரத்திருந்தது. இடக்கை பிந்திய ஒவ்வொரு இடத்திலும் அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் கேட்டேயிராத ஒரு குரலுக்காக என் கை இத்தனை வருஷம் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வேண்டாம் சாமி. யாருகிட்டயும் சொல்லவும் வேண்டாம். அந்தப் பேரு அவருக்கே இருக்கட்டும்."

அவள் அங்கே தங்கியிருந்த நாட்களிலேயே மீதிப் பாட்டுகளை வாசித்து முடித்தேன். எதையும் நகர்த்தவில்லை. ஆல்பம் வந்ததும் சித்தப்பா போன் பண்ணி அழுதார். "அண்ணன் அப்படியே உசுரோட வந்துட்டாரு கண்ணு," என்றார். "ஆமாங்க சித்தப்பா," என்றேன்.

அம்மா இப்போதும் சேந்தமங்கலத்தில்தான் இருக்கிறாள். காலையில் போனில் இருமுகிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். மேடையில் அவள் முனகிய அந்தப் பாட்டு வரும்போது என் இடக்கை நிற்கிறது. அந்தச் சின்ன இடைவெளியில் அவள் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்கிறது. என்றாவது ஒரு நாள் நிஜத்தில் அந்த மூச்சு நின்றுவிடும். என் கை அப்போதும் அவளுக்காக நிற்கும். அதை நினைத்துத்தான் அந்தப் பாட்டை வீட்டில் தனியாக இருக்கும்போது நான் போடுவதில்லை.