கிரைண்டர் புஷ்ஷில் இருந்த கீறல்கள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. நாலும் இன்றைக்குத் தன் காலில் நிற்கிறது. எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பஸ் நம்பர் படிப்பேன், ரேஷன் கார்டில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டுவேன், அவ்வளவுதான். ஆனால் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் மாவுக்கடையை ஒற்றை ஆளாக ஆரம்பித்தவள் நான். அதை யாரும் மறுக்க முடியாது.

வீட்டு முன்பக்கத்தில் இருக்கிற அந்தக் கடையை இப்போது நடத்துவது மருமகள். நான் அரிசி களைகிற தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். உளுந்து ஊறியது போதுமா என்று இன்றைக்கும் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள்.

எங்கள் பெரிய கிரைண்டர் பழசு. புது மெஷின்களில் பேரிங் வருகிறது, எங்களுடையதில் புஷ். கல்லைச் சுற்றுகிற இரும்பு அச்சு ஒரு பித்தளைக் குழாய்க்குள் நின்று சுழலும். அந்தக் குழாய்தான் புஷ். தடித்த வளையல் நாலைந்தை அடுக்கி ஒட்டினது போல இருக்கும். சில வருஷத்துக்கு ஒரு முறை அது தேய்ந்து அச்சு ஆட ஆரம்பிக்கும். ஆடினால் கல் தட்டும், மாவு நரநரக்கும்.

அந்தப் புதன்கிழமை கல் தட்டியது. மருமகள் பழைய புஷ்ஷைக் கழற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டை போனாள். அங்கே லேத்துப் பட்டறை வைத்திருக்கிற பாய்தான் எங்களுக்கு எல்லாம் செய்வார். எங்களுக்கு மட்டுமில்லை, இந்தச் சுற்று வட்டாரத்தில் எங்களோடு சேர்த்து ஆறு மாவுக்கடைக்கும் அவர்தான். வியாழக்கிழமை மத்தியானம் புது புஷ்ஷை எண்ணெய் சொட்டச் சொட்டப் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, நாளைக்குக் காலைல நானே மாட்டிருதேன். எண்ணெயா இருக்கு, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடையாறுக்கு மாவு போட்டுவரக் கிளம்பிவிட்டாள்.

கை அழுக்காகும் என்றுதான் தொட வேண்டாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை நான் விளக்கு தேய்க்கிற நாள். குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, மணி, தட்டு எல்லாவற்றையும் கொல்லையில் பரப்பிப் புளி போட்டுத் தேய்ப்பேன். என் கையில் பட்ட பித்தளை மங்கி இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. அன்றைக்கும் தேய்த்து முடித்தேன். கை சும்மா இருக்கவில்லை. பேப்பரைப் பிரித்துப் பார்த்தேன்.

வெளிப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே பார்த்தால் முழுக்கக் கீறல். பிறை பிறையாக, குறுக்கும் நெடுக்குமாக, யாரோ கத்தியை வைத்துக் கொத்தினது போல. புதுச் சாமானை இப்படியா கொடுப்பார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் இந்த மனுஷன் எங்களை ஏமாற்றத் துணிந்துவிட்டாரே என்று நினைத்தேன்.

முதலில் புளி போட்டுப் பார்த்தேன். நிறம் வந்தது, கீறல் போகவில்லை. கதவுக்குப் பெயிண்ட் அடித்தபோது மிச்சமான உப்புத்தாள் பரணில் இருந்தது. அதை எடுத்து மத்துக் காம்பில் சுற்றி, உள்ளே விட்டுத் திருகித் திருகி இழுத்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். பிறகு மறுபடி புளி, பிறகு துணி. கடைசியில் விரலை விட்டுத் தடவினால் கண்ணாடி போல வழுக்கியது. என் முகமே தெரிந்தது. எண்ணெயைத் தடவி, அதே பேப்பரில் அதே மாதிரி சுற்றி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டுச் சொல்லாமல் இருக்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

வெள்ளிக்கிழமை காலையில் மருமகள் விடிவிளக்கு வெளிச்சத்தில் குனிந்து புஷ்ஷை மாட்டினாள். நான் மெஷினுக்குக் குங்குமம் வைத்தேன். அன்றைக்குத் தரமணியில் ஒரு பெண்கள் விடுதிக்கு முதல் தடவையாக மாவு போக வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுத்தால்தான் ராத்திரி புளித்துக் காலை இட்லிக்கு ஆகும்.

ஒன்பது மணிக்குக் கல் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டேன். பத்து மணி வாக்கில் ஒரு கருகல் நாற்றம். பிறகு இரும்பு அலறுகிற மாதிரி ஒரு சத்தம், பெல்ட் வழுக்கிப் புகை, கல் நின்றுவிட்டது. மருமகள் சுவிட்சை அணைத்துவிட்டு அச்சைத் தொட்டாள். உடனே கையை உதறினாள். தோசைக்கல் சூடு.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கண் கொல்லைப் பக்கம் போனது.

மருமகள் பாய்க்குப் போன் போட்டு வரச் சொன்னாள். அந்தக் கையோடு, மாவுக்கடைக்காரப் பெண்கள் ஆறு பேரும் சேர்ந்து வைத்திருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பினாள். "யாரும் பாய்ட்ட இப்போ எதுவும் குடுக்காதீங்க. நேத்து வாங்கின புஷ்ஷு ஒரு மணி நேரத்துல அச்சை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு. வேலை சரியில்ல. நான் பட்டதே போதும்."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பாய் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும், தாடி நரைத்துவிட்டது. பேச்சு மட்டும் நரைக்கவில்லை.

"இன்னாம்மா, கல்லு ஸ்டிரைக் பண்ணுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"சிரிக்காதீங்க பாய். அஞ்சு மணிக்கு மாவு போகணும்" என்றாள் மருமகள்.

தட்டித் தட்டிக் கழற்ற அரை மணி ஆயிற்று. அச்சில் கோடு கோடாகக் காயம். புஷ்ஷை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. பிய்யாத பக்கம் மின்னியது.

"இது நான் குடுத்த மாதிரி இல்லியே. உள்ள நான் செதுக்கி வச்சிருந்தது எங்க?"

"என்னத்தைச் செதுக்குனீங்க?"

"பிறை பிறையா இருந்துச்சும்மா. அதுலதான் எண்ணெய் நிக்கும். வழவழன்னு இருந்தா எண்ணெய் வழிஞ்சு ஓடிடும். நம்ம ஊர் ரோடு மாதிரி இருக்கணும் உள்ள. மழை பெஞ்சா குழிக்குக் குழி தண்ணி நிக்குதில்ல, அத்த மாதிரி."

"அப்போ அது எங்க போச்சு? நடந்தா போச்சு?" என்று மருமகள் கேட்டாள். "நீங்க செதுக்க மறந்துட்டு இப்போ கதை சொல்லுதீங்க."

"முப்பது வருஷமா பண்றேன். மறப்பனா?"

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை. என் கையை முந்தானைக்குள் வைத்திருந்தேன். நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மருமகளின் போன் கூவியது. பிறகு இன்னொரு முறை. "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்று ஒருத்தி. "இனிமே ராயப்பேட்டையில பாத்துக்கலாம்" என்று இன்னொருத்தி. இவ்வளவு தூரம் போன பிறகு எப்படிச் சொல்வது? மருமகளுக்கு முன்னால், வேலை செய்கிற இரண்டு பெண்களுக்கு முன்னால், இந்தக் கடையை ஆரம்பித்தவள் வாய் திறந்து நான்தான் கெடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

பாய் சண்டையை விட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தார். அச்சின் காயத்தைக் கல்லால் இழைத்து, அதில் நீல மையைத் தடவி, புஷ்ஷுக்குள் விட்டுத் திருப்பி எடுத்தார். நீலம் ஒட்டின மேடுகளை முக்கோணக் கத்தியால் சுரண்டினார். மறுபடி மை, மறுபடி சுரண்டல். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சின்னப் பிறை விழுந்தது. நான் ஒரு மணி நேரம் தேய்த்து அழித்தது கண்ணெதிரே ஒன்றொன்றாகத் திரும்பி வந்தது.

நடுவில் அவர் போன் அடித்தது. மந்தைவெளிக் கடைக்காரி. "ஏம்மா, உன் புஷ்ஷ பாதி செதுக்கி வச்சிக்கீறேனே" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். "சரி, வந்து எடுத்துக்கினு போ" என்று சொல்லி வைத்துவிட்டார். மருமகளைப் பார்த்தார். அவள் மாவுப் பாத்திரத்தைத் திரும்பத் திரும்ப மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

மணி ஒன்று. நான் இரண்டு மணி நேரமாகப் பேசவில்லை. தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

எண்ணெய் விடுகிற சின்ன ஓட்டையைச் சுத்தம் பண்ணப் பாய் ஒரு கம்பியை விட்டு இழுத்தார். ஏதோ வந்தது. உள்ளங்கையில் வைத்து, மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

"இன்னாம்மா இது? புளி நார் கீது. நான் லேத்துல ரசமா வைக்கிறேன்?"

வேலைக்காரப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். மருமகள் சிரிக்கவில்லை. என் முந்தானையைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பித்தளைக்கும் புளிக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பாய் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"புஷ்ஷ சமையல்கட்டுல வச்சிருந்தேன் பாய். பறந்து விழுந்திருக்கும்."

எனக்காகப் பொய் சொன்னாள். கல்யாணம் ஆகி வந்த இத்தனை வருஷத்தில் நான் அவளை ஒரு வார்த்தை பாராட்டினது கிடையாது. அவள் என் பெருமையைக் காப்பாற்ற, உழைக்கிற ஒரு மனுஷனின் பெயரைக் கீழே போட்டாள். என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"பறக்கல. நாந்தான் தேச்சேன்" என்றேன்.

பாய் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"எதால தேச்சீங்க பெரிம்மா? புளியால மட்டுமா?"

"உப்புத்தாள் போட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அந்தத் தாளு மண்ணு பித்தளைக்குள்ள போய் பதிஞ்சிக்கினு கீது. அதான் அச்ச இப்படித் தின்னிருக்குது. இத நீங்க சொல்லலன்னா, நான் செதுக்கி மாட்டிட்டுப் போயிருப்பேன். நாலு மணிக்கு மறுபடியும் புடிச்சிருக்கும். அப்ப நெசமாவே என் பேரு போயிருக்கும்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

டீசலை ஊற்றிப் பிரஷ்ஷால் கழுவினார். மேல் தோலையெல்லாம் சுரண்டி எடுத்தார். மறுபடி மை, மறுபடி பிறை. "துளை கொஞ்சம் பெருசாயிடுச்சு. ரெண்டு நாள் தாங்கும், ஞாயித்துக்கெழம புதுசு போட்டுத் தரேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அது வர்ற அன்னிக்கு நீங்க கோயிலுக்குப் போயிடுங்க பெரிம்மா" என்றார்.

இரண்டரை மணிக்குக் கல் சுற்றியது. பாய் அச்சில் கையை வைத்தபடியே நின்றார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. கையை எடுத்து, மருமகளின் கையைப் பிடித்து அச்சில் வைத்தார். "எப்டிக்கீது?"

"வெதுவெதுன்னு இருக்கு."

"அவ்ளோதான். இனிமே ஏறாது."

மாவு ஐந்தரைக்குத் தரமணி போய்ச் சேர்ந்தது. அரை மணி தாமதத்துக்கு மருமகள் பேச்சு வாங்கினாள், என்னிடம் சொல்லவில்லை.

அவள் தரமணிக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே நான் போனைக் கேட்டிருந்தேன். "அந்தக் குரூப்ல நான் பேசணும். எங்க அமுக்கணும், காட்டு" என்றேன். "வேண்டாம் அத்தை, நானே சொல்லிக்கிடுதேன்" என்றாள். நான் விடவில்லை. அமுக்கிப் பேசினேன். பாய் வேலையில் தப்பு இல்லை, விளக்கு தேய்க்கிற மாதிரி நான்தான் தேய்த்துக் கெடுத்தேன், யாரும் அவரை விட வேண்டாம் என்றேன்.

உடனே பதில் வந்தது. "அக்கா, எங்க வீட்டு விளக்கும் ஒரு மாசமா கறுத்துக் கெடக்கு, வாங்க" என்று ஒருத்தி. மந்தைவெளிக்காரி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏற்கெனவே ராயப்பேட்டையில் கொடுத்துவிட்டாளாம். அடுத்த வாரம் நேரிலேயே போய்க் கேட்டேன். "கொடுத்தது கொடுத்ததுதான் அக்கா" என்றாள். ஆறு கடை இருந்தவருக்கு இப்போது ஐந்து கடைதான். அது என்னால்.

இதையெல்லாம் எழுதுகிறவள் என் பேத்தி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். கார் எஞ்சினுக்குள்ளும் இப்படித்தான் வேண்டுமென்றே கோடு போடுகிறார்கள், இப்போது லேசர் ஒளியை வைத்தே குழி போடுகிறார்கள் என்று போனில் காட்டினாள். இருக்கட்டும். நான் இதைச் சொல்ல உட்கார்ந்தது அதற்காக இல்லை. அன்றைக்குக் குரூப்பில் நான் பாதிதான் சொன்னேன். தேய்த்ததைச் சொன்னேன். தெரிந்துகொண்டே இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொல்லவில்லை. மருமகள் எனக்காகப் பொய் சொன்னதையும் சொல்லவில்லை. அவளும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை.

அவள் இப்போது உள்ளே உளுந்து களைந்துகொண்டிருக்கிறாள். ஏட்டி, எழுதினது போதும். அவ காதுல விழுற மாதிரி, நான் பேசாம இருந்த இடத்துலேந்து வாசி, கேப்போம்.