கதவு கழன்ற ஷோகேஸ்

அரியலூரில் எங்கள் வீடு சிமெண்ட் லாரிகள் போகும் ரோட்டோரம். காலையில் துடைத்த டிவி மத்தியானத்துக்குள் தூசி படிந்து வெளுத்துவிடும். அதனால் கம்ப்யூட்டருக்கு அப்பா ஒரே நிபந்தனை போட்டார்: கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் அது அடங்க வேண்டும்.

ஷோகேஸை மூன்று முறை அளந்தேன். திருச்சிக்குப் போய், கையிலிருந்த காசுக்குள் கேம் விளையாட ஒரு கிராபிக்ஸ் கார்டும், அதையெல்லாம் வைத்து மாட்டும் பெட்டியாக, கடையில் இருந்ததிலேயே சின்ன கேபினெட்டும் வாங்கி வந்தேன். மாட்டிப் பார்த்தால் கார்டு கேபினெட்டைவிட இரண்டு விரற்கடை நீளம். கார்டை அளக்கத் தோன்றவில்லை, மடையனுக்கு! கடைக்கு போன் போட்டால், "பிரிச்சத திருப்பி எடுக்க மாட்டோம்" என்று வைத்துவிட்டார்கள்.

"எல்லாம் உங்க ஷோகேஸால வந்த வினை!" என்று அப்பா மேல் பாய்ந்தேன்.

சிமெண்ட் ஆலையில் ஃபிட்டரான அப்பா கேபினெட்டின் முன்பக்கத்தை அறுத்தார். கார்டு உட்கார்ந்தது, ஆனால் நுனி வெளியே நீட்டியதால் ஷோகேஸ் கதவு மூடவில்லை. கதவையே கழற்றிவிட்டார்.

"தூசி அடையுமேப்பா?"

"அடையட்டும். நான் தொடச்சிக்கிறேன், நீ வெளையாடு."

மூன்று வருஷம், வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் துடைத்தார். அந்தத் துணியை ஒருநாள்கூட நான் தொட்டதில்லை. அன்று அவர் மேல் வந்த எரிச்சலெல்லாம் இப்போது என் மேல்தான் வருகிறது.