பசித்தோருக்கு இலவச உணவு

எங்கள் சபை இன்று முதல் ஞாயிறுதோறும் மதிய உணவு தருகிறது. ராயபுரம் பாலத்தடியில் மேசை போட்டு, ‘பசித்தோருக்கு இலவச உணவு’ என்று பேனர் கட்டினோம்.

யாரும் வரவில்லை. பேனரைப் படித்தவர்கள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். இரண்டு அண்டா சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

“இது வீணாப்போனா அடுத்த வாரம் கமிட்டி ஒத்துக்காதும்மா” என்றார் போதகர்.

தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவரிடம் தட்டை நீட்டினேன்.

“இன்னாமா, என்னப் பாத்தா சோத்துக்கு இல்லாதவன் மாரி கீதா?”

“இல்லண்ணா, இன்னிக்கு எனக்குப் பொறந்தநாள்.” வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அத்த மொதல்ல சொல்ல வேணாமா! நல்லாருமா.” தட்டை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தினார். “டேய், பாப்பாக்குப் பொறந்தநாளாம், வாங்கடா!”

இரண்டு அண்டாவும் காலி. ஓர் அக்கா இரண்டாம் முறை வாங்கும்போது இரண்டாம் முறையும் வாழ்த்தினார்.

போதகர் பேனரை அவிழ்த்து மடித்து வண்டியில் வைத்தார். பிறகு என்னிடம், “பொய் மட்டும் வேணாம்மா” என்றார்.

ஆகவே, அடுத்த ஞாயிறு உண்மையாகவே பிறந்தநாள் உள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். போதகர் ஆதார் அட்டை கேட்பார்.